ஐந்தாவது யூனிட்டிலிருந்து ஆரம்பியுங்கள்

இந்த ஜூலையில் எங்கள் மெக்கானிக்கல் துறையில் புதிதாக இரண்டு பேர் சேர்ந்தார்கள். இருவரும் எம்.இ. முடித்த கையோடு வந்தவர்கள். சேர்ந்த மறுநாளே டைம்டேபிளைக் கையில் கொடுத்து, "வர்ற திங்கள்கிழமை கிளாஸ் ஆரம்பம்" என்று சொல்லிவிட்டார்கள். அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மேம், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

நான் கடலூர் மாவட்டத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். ஆசிரியர் வேலைக்கு வந்து 19 வருடம் ஆகிறது. மூன்றாம் செமஸ்டரில் வரும் வெப்ப இயக்கவியலை, பிள்ளைகள் வாயில் 'தெர்மோ', இதுவரை 13 முறை நடத்தியிருக்கிறேன். அதனால் உதாரணங்கள் எல்லாம் தெர்மோவிலிருந்துதான் வரும். நீங்கள் வணிகவியலோ வரலாறோ நடத்துபவராக இருந்தால் பாடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

என் முதல் வருடத்தைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். அப்போது வேறொரு கல்லூரி. முதல் யூனிட்டை ஆசை ஆசையாக நடத்தினேன். ஒன்பது பீரியடில் முடிய வேண்டியது பதினாறு பீரியட் ஓடியது. பிள்ளைகளும் நன்றாகக் கேட்டார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. கடைசி யூனிட்டுக்கு வந்தபோது நவம்பர். வெளியே மழை, கையில் மிச்சம் மூன்றே பீரியட். டெரிவேஷன்களை வரிசையாகப் பலகையில் எழுதிப் போட்டு, "காப்பி பண்ணிக்கோங்க" என்றேன். அப்போதைய வினாத்தாளில் யூனிட்டுக்கு ஒரு பதினாறு மார்க் கேள்வி. ஐந்தாவது யூனிட் கேள்வியைப் பாதிப் பேர் தொடவே இல்லை. ரிசல்ட் வந்த அன்று ஒரு மாணவன் வந்து, "மூணு மார்க்ல போச்சு மேம்" என்றான். அந்தப் பதினாறில் நாலு மார்க் எடுத்திருந்தால் அவன் தேறியிருப்பான். அவன் படிக்காததால் வந்த அரியர் இல்லை அது. நான் நேரத்தை எண்ணாததால் வந்தது. செமஸ்டர் தயாரிப்பு என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த முகம்தான்.

முதலில் எண்ணுங்கள்

பாடத்திட்டத்தில் யூனிட்டுக்கு 9 பீரியட், ஐந்து யூனிட்டுக்கு 45 பீரியட் என்று போட்டிருக்கும். வாரத்துக்கு மூன்று பீரியட், பதினைந்து வாரம் என்று பெருக்கினால் 45 அழகாக வந்து நிற்கும். அந்தக் கணக்கை நம்பி லெசன் பிளான் போடாதீர்கள்.

அகாடமிக் கேலண்டரையும் உங்கள் டைம்டேபிளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பீரியட் விழும் நாட்களை மட்டும் பென்சிலால் வட்டமிடுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாக அடியுங்கள். ஜூலையில் தொடங்கும் செமஸ்டர் என்றால் சுதந்திர தினம், கிருஷ்ண ஜெயந்தி, விநாயகர் சதுர்த்தி, மிலாடி நபி, காந்தி ஜெயந்தி, ஆயுத பூஜை, விஜயதசமி, தீபாவளி. எங்கள் மாவட்டத்தில் சிதம்பரம் ஆனித் திருமஞ்சனத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். உங்கள் ஊரில் எந்தத் திருவிழாவுக்கு விடுமுறை என்று அங்கேயே இருக்கும் ஆபீஸ் ஊழியர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். தீபாவளிக்கு முந்தைய நாள் காலண்டரில் வேலை நாள்தான், ஆனால் மதியத்துக்கு மேல் ஹாஸ்டல் பிள்ளைகள் யாரும் இருக்க மாட்டார்கள். அந்த நாளையும் அடியுங்கள். இன்டர்னல் தேர்வு நாட்கள், சிம்போசியம், விளையாட்டு விழா எல்லாம் போகும்.

மழையைத் தனியாகக் கணக்கில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் கடைசியில் பிடித்துக்கொள்ளும். கடலூர் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஒவ்வொரு வருடமும் தெரிந்த விஷயம். 2015 நவம்பரில் இந்த மாவட்டமே வெள்ளத்தில் கிடந்தது. அடுத்த மாதம் சென்னை மூழ்கியபோது பல்கலைக்கழகத் தேர்வுகளே தள்ளிப்போயின. காலை ஆறரை மணிக்கு மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பாரா என்று எல்லோரும் டிவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் காலத்தில்தான் நம்முடைய கடைசி யூனிட் வருகிறது. அதனால் நவம்பரில் விழும் பீரியட்களில் மூன்றில் ஒன்றை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இப்படி அடித்து முடித்தால் என் கையில் 36லிருந்து 38 பீரியட் வரை நிற்கும். நான் 36க்குத்தான் திட்டம் போடுவேன். முதல் யூனிட்டுக்கு 8, இரண்டாவதுக்கு 7, மூன்றாவதுக்கு 5, நான்காவதுக்கு 8, ஐந்தாவதுக்கு 8. மூன்றாவதுக்கு ஏன் குறைவு என்றால், அதில் வரும் அவைலபிலிட்டி (வெப்பத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு வேலை எடுக்கலாம் என்ற கணக்கு) இரண்டாவது யூனிட்டில் வரும் இரண்டாம் விதியின், அதாவது எடுத்த வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்ற முடியாது என்ற விதியின், தொடர்ச்சிதான். இரண்டாவதை ஒழுங்காக நடத்தினால் அங்கே பாதி வேலை முடிந்திருக்கும். நான்காவது நீராவி. அட்டவணை பார்த்துப் பழகவே நேரம் பிடிக்கும், அதைக் குறைக்கக் கூடாது. இதற்காக பாடத்திட்டத்தில் இருப்பது எதையும் நான் விடுவதில்லை. எந்த டெரிவேஷனைப் பலகையில் போடுவது, எதை வீட்டுக்குக் கொடுத்து மறுநாள் ஐந்து நிமிடம் சரிபார்ப்பது என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்கிறேன், அவ்வளவுதான். அதை ஜூலையில் நிதானமாக முடிவு செய்யலாம். நவம்பரில் முடிவு செய்ய முடியாது. அப்போது மழைதான் முடிவு செய்யும்.

அப்புறம் கடைசி யூனிட்

எண்ணி முடித்ததும் முதல் யூனிட்டைக் கையில் எடுக்காதீர்கள். முதல் யூனிட் உங்களுக்குத் தெரியும். எப்படியும் முதல் வாரத்துக்காக அதைப் படிக்கத்தான் போகிறீர்கள். விடுமுறையில், மனசு தெளிவாக இருக்கும்போது, ஐந்தாவது யூனிட்டுக்கு நோட்ஸ் எழுதுங்கள். அக்டோபர் கடைசியில் உங்களுக்கு இன்டர்னல் பேப்பர் திருத்தும் வேலை இருக்கும், அக்ரடிடேஷன் (கல்லூரியின் தர அங்கீகாரம்) ஃபைல் வேலை இருக்கும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கும். அந்த நாட்களில் உட்கார்ந்து மாக்ஸ்வெல் தொடர்புகள் என்ற சமன்பாடுகளைப் புதிதாகத் தயாரிக்க யாராலும் முடியாது. தயாரிக்காத வகுப்பில் டிக்டேஷன்தான் நடக்கும்.

இன்னொரு லாபமும் உண்டு. கடைசியில் எங்கே போய் நிற்கப் போகிறோம் என்று தெரிந்தால், முதல் வாரத்தில் எதை ஊன்ற வேண்டும் என்பதும் தெரியும். எங்கள் ஐந்தாவது யூனிட்டில் கிளாசியஸ்–கிளாபிரான் சமன்பாடு வருகிறது. அழுத்தம் மாறினால் கொதிநிலை எவ்வளவு மாறும் என்று சொல்லும் சமன்பாடு. அதற்கு நான் ஊட்டியை எடுத்துக்கொள்வேன். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊரில் தண்ணீர் 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். இதை நவம்பரில் சொல்லப் போகிறேன் என்பது தெரிந்ததால்தான் ஜூலையில் முதல் வகுப்புக்கு பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறேன். அதைக் கீழே சொல்கிறேன்.

நோட்ஸ் எழுதும்போது ஒரு பீரியடுக்கு ஒரே தாள். தாளின் தலையில், இந்த 50 நிமிடம் முடியும்போது பிள்ளைகளால் எதைச் செய்ய முடிய வேண்டும் என்று ஒரு வரி. 'புரிந்துகொள்வார்கள்' என்று எழுதாதீர்கள், அதை எப்படிப் பார்ப்பீர்கள்? 'சூப்பர்ஹீட் அட்டவணையில் இல்லாத வெப்பநிலைக்கு என்தால்பி கண்டுபிடிப்பார்கள்' என்று எழுதினால் வகுப்பு முடிவில் பார்த்துவிடலாம் (என்தால்பி என்பது நீராவி அட்டவணையில் வரும் ஒரு ஆற்றல் அளவு). அதன் கீழே நீங்களே போட்டுப் பார்த்த கணக்கு. புத்தகத்தில் விடை இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் வைத்திருக்கும் அதே 991 கால்குலேட்டரில், அதே அட்டவணையில், பேனா பிடித்துப் போடுங்கள். எங்கே தடுக்கும் என்று அப்போதுதான் தெரியும்.

எனக்கு ஒருமுறை அப்படித் தெரிய வந்த இடம் இது. 10 பார் அழுத்தத்தில் 320 டிகிரி நீராவியின் என்தால்பி வேண்டும். அட்டவணையில் 300க்கு 3051 கிலோ ஜூல், 350க்கு 3158. நடுவில் 320 இல்லை. எனக்கு அது ஒரு வரி வேலை: ஐம்பதில் இருபது பங்கு, வித்தியாசம் 107, அதில் 0.4 மடங்கு 42.8, ஆக 3093.8. வகுப்பில் பார்த்தால் பாதிப் பேர் 300ன் மதிப்பையே எழுதிவிட்டார்கள். சிலர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்திருந்தார்கள். தெர்மோவில் அவர்களுக்குக் குறையே இல்லை. இடைமதிப்பு காண்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்கவில்லை. இப்போது நான்காவது யூனிட் வரை காத்திருக்காமல் இரண்டாவது வாரத்திலேயே இருபது நிமிடம் அதற்கு ஒதுக்கிவிடுகிறேன்.

முதல் முறை நடத்தும் பாடம் என்றால் ஒரு பீரியடுக்கு மூன்று மணி நேரத் தயாரிப்பு ஆகும். அது அதிகம் என்று பயப்படாதீர்கள். இரண்டாவது முறை ஒரு மணி நேரம் போதும்.

முன்பு நடத்தியவரிடம் போங்கள்

போன வருடம் அதே பாடத்தை நடத்தியவர் உங்கள் துறையிலேயே இருப்பார். பலர் அவரிடம் நோட்ஸ் மட்டும் வாங்குகிறார்கள். நோட்ஸ் வேண்டாம், லாக் புக்கைக் கேளுங்கள். எந்தத் தேதியில் எந்த யூனிட் முடிந்தது, எத்தனை பீரியட் வேறு வேலைக்குப் போனது என்று அதில் இருக்கும். அப்புறம், "பிள்ளைகள் எங்கே விழுந்தார்கள்?" என்று கேளுங்கள். இன்டர்னல் விடைத்தாள்கள் பீரோவில் இருந்தால் பத்தை எடுத்துப் படியுங்கள். முதல் மார்க்கும் கடைசி மார்க்கும் வேண்டாம், நடுவில் 40லிருந்து 55 வரை வாங்கியவர்களின் தாள்கள். நீங்கள் சொல்லித் தருவதால் பிழைக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

கேள்வித்தாளை முதலில் எழுதுங்கள்

நடத்துவதற்கு முன்பே முதல் இன்டர்னல் கேள்வித்தாளை எழுதி வைத்துவிடுங்கள். எங்கள் பல்கலைக்கழகத் தேர்வு 100 மார்க்குக்கு நடக்கும்: பத்து டூ மார்க், ஐந்து பதிமூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க். 2021 ரெகுலேஷன்படி தியரி பாடத்தில் இன்டர்னலுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 60. அதாவது கிட்டத்தட்ட பாதி மார்க் நம் கையில் இருக்கிறது. அதைக் கடைசி நேரத்தில், பழைய கேள்வித்தாளிலிருந்து நான்கை எடுத்துப் போட்டு முடிப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

முன்பே எழுதிவிட்டால் நடத்தும்போது நம்மை அறியாமலே ஒரு ஒழுங்கு வந்துவிடும். எதைக் கேட்கப் போகிறோமோ அதற்குப் பழக்கம் கொடுத்தோமா என்று வாரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். கேள்வியை வெளியே சொல்லிவிடுவோமோ என்று ஒரு ஆசிரியர் கவலைப்பட்டார். எண்களை மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய விஷயமில்லை.

கொஸ்டீன் பேங்க் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பல கல்லூரிகளில் செமஸ்டர் தொடங்கும் அன்றே கொஸ்டீன் பேங்கைக் கொடுத்துவிடச் சொல்கிறார்கள். நான் ஒரு யூனிட் முடிந்த பிறகுதான் அந்த யூனிட்டுக்குக் கொடுப்பேன். முதல் நாளே கொடுத்தால், அதில் இல்லாத எதையும் வகுப்பில் யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

அறையைப் போய்ப் பாருங்கள்

இது பத்து நிமிட வேலை. வகுப்பு தொடங்குவதற்கு முந்தைய நாள் அந்த அறைக்குப் போங்கள். பலகையில் நீங்கள் வழக்கமாக எழுதும் அளவில் ஒரு வரி எழுதிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து படியுங்கள். எனக்கு டி–எஸ் படம் (வெப்பநிலை–என்ட்ரோபி வரைபடம்) போடும்போது கோட்டுக்குச் சிவப்பு சாக்பீஸ் எடுக்கும் பழக்கம் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து அது தெரியவே இல்லை. மஞ்சள்தான் தெரிகிறது. மின்விசிறிச் சத்தத்தில் உங்கள் குரல் எட்டுமா, மதியம் ஜன்னல் வெயில் பலகையில் அடிக்குமா, புரொஜெக்டர் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்பதையும் யோசித்து வையுங்கள். பவர்பாயின்டை மட்டும் நம்பிப் போகிறவர்கள் அன்று வெறும் கையோடு நிற்க வேண்டிவரும்.

எதிரே உட்காரப் போகிறவர்கள்

நான் அதிகம் நேரம் செலவழிப்பது இதற்குத்தான், நீங்களும் செலவழியுங்கள்.

எங்கள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் மூன்று வகைப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். ஒரு பகுதி ஆங்கில வழியில் பிளஸ் டூ முடித்தவர்கள். இன்னொரு பகுதி தமிழ் வழியில் அரசுப் பள்ளியில் படித்தவர்கள். 2021லிருந்து பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத இடம் தனியாக ஒதுக்கியிருப்பதால் இவர்களில் பலர் வந்திருக்கிறார்கள், வீட்டில் முதல் பட்டதாரி இவர்கள்தான். மூன்றாவது, டிப்ளமோ முடித்துவிட்டு நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி பிள்ளைகள். இவர்களுக்குக் கலந்தாய்வு முடிந்து வகுப்புக்கு வரும்போது பல சமயம் நாம் ஒரு யூனிட்டை நெருங்கியிருப்போம். முதலாம் ஆண்டுக் கணிதத்தை அவர்கள் படிக்கவும் இல்லை. ஆனால் பட்டறை வேலை தெரியும். வால்வு, கேஜ், கம்ப்ரசர் என்றால் மற்றவர்கள் படத்தில் பார்த்தது, இவர்கள் கழற்றி மாட்டியது.

முதல் வாரத்தில் ஒரு இருபது நிமிட சோதனை வையுங்கள். மார்க் கிடையாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். என்னுடைய சோதனையில் ஆறு கேள்விகள். ஒரு பார் என்பது எத்தனை பாஸ்கல். 27 டிகிரி செல்சியஸ் எத்தனை கெல்வின். கிலோ பாஸ்கலை கன மீட்டரால் பெருக்கினால் என்ன அலகு வரும். பி.வி. ஈக்வல் டு எம்.ஆர்.டி.யில் ஒவ்வொரு எழுத்தும் எதைக் குறிக்கிறது. ஒன்றின் கீழ் வி என்பதைத் தொகையிடவும். கடைசியாக, ஆங்கிலப் பாடப்புத்தகத்திலிருந்து நாலு வரிப் பத்தி ஒன்று. அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும். இந்த ஆறாவது கேள்விதான் எனக்கு அதிகம் சொல்கிறது. பாடம் தெரியாதவர் யார், பாடம் தெரிந்தும் ஆங்கிலத்தில் மாட்டிக்கொண்டவர் யார் என்று அது பிரித்துக் காட்டிவிடும்.

"யாரெல்லாம் தமிழ் மீடியம், கை தூக்குங்க" என்று மட்டும் வகுப்பில் கேட்காதீர்கள். அந்தக் கை நாலு வருடத்துக்கு மறுபடி எழாது.

தமிழ் வழியில் வந்தவர்களுக்கு உதவ நினைத்தால் பதினோராம் வகுப்பு இயற்பியல் தமிழ்ப் புத்தகத்தை ஒரு பிரதி வாங்கி மேஜையில் வையுங்கள். வெப்ப இயக்கவியல் அதில் இருக்கிறது. அக ஆற்றல், உள்ளுறை வெப்பம், மீள் நிகழ்வு, வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வு எல்லாம் அவர்கள் ஏற்கெனவே படித்து மார்க் வாங்கியவை. 'அடியபாட்டிக்' என்று நான் சொன்னதும் ஒரு பெண் மிரண்டு பார்த்தாள். "வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வுப்பா" என்றதும், "ஐயோ மேம், இது தெரியுமே!" என்றாள். தேர்வு ஆங்கிலத்தில்தான், அதனால் ஆங்கிலச் சொல் அவசியம் வேண்டும். ஆனால் தெரிந்த தமிழ்ச் சொல்லின் மேல் அதை வைத்தால் ஒரு நிமிடத்தில் உட்கார்ந்துவிடும். நான் முதல் மாதம் முழுக்கப் பலகையின் வலது ஓரத்தில் அன்றைய சொற்களை இரண்டு மொழியிலும் எழுதி, பீரியட் முடியும்வரை அழிக்காமல் வைத்திருப்பேன்.

டிப்ளமோ பிள்ளைகளுக்கு நான் செய்வது வேறு. அவர்களில் ஒருவனால் தொகையிட முடியவில்லை. அவனை வைத்துக்கொண்டே வகுப்பு முழுவதற்கும் கிராஃப் ஷீட் கொடுத்தேன். 200 கிலோ பாஸ்கலில் 0.1 கன மீட்டர் வாயு, வெப்பநிலை மாறாமல் 0.2 கன மீட்டருக்கு விரிகிறது. செங்குத்தில் ஒரு செ.மீ.க்கு 20 கிலோ பாஸ்கல், கிடையில் ஒரு செ.மீ.க்கு 0.01 கன மீட்டர். வளைகோட்டை வரையச் சொன்னேன். பிறகு கோட்டுக்குக் கீழே இருக்கும் கட்டங்களை எண்ணச் சொன்னேன். பாதிக் கட்டங்களை இரண்டு இரண்டாகச் சேர்த்து எண்ணினார்கள். ஒருவர் 68 என்றார், ஒருவர் 71, பெரும்பாலோர் 69 அல்லது 70. அவன் 69 என்றான். ஒரு கட்டம் 0.2 கிலோ ஜூல், ஆக வேலை சுமார் 13.8 கிலோ ஜூல். பிறகு பலகையில் லாக் சூத்திரத்தைப் போட்டேன்: 13.86. அவன் தன் கிராஃப் ஷீட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தொகையிடுதல் என்றால் கட்டம் எண்ணுவதுதான் என்று அவனுக்கு அன்றைக்குப் புரிந்தது, அவனுக்கு மட்டுமல்ல, கணிதத்தில் நல்ல மார்க் வாங்கிய பலருக்கும். இதற்கு ஒரு முழு பீரியட் போனது. 36ல் ஒன்று. முன்பே எண்ணி வைத்திருந்ததால் தைரியமாகக் கொடுக்க முடிந்தது.

பெயர்ப் பட்டியலை ஆபீஸில் வாங்கி, முதல் வகுப்புக்கு முன்பே இரண்டு மூன்று முறை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். ரோல் நம்பர் சொல்லிக் கூப்பிடுவது சுலபம்தான், ஆனால் அது கூப்பிடுவதே இல்லை. 62 பெயர் மனப்பாடமாக எனக்கு மூன்று வாரம் ஆகும். வருகைப் பதிவு எடுக்கும்போது தலையைத் தூக்கி முகத்தைப் பார்த்து எடுத்தால் போதும்.

முதல் வகுப்பு

முதல் பீரியடில் சிலபஸை வாசிக்காதீர்கள். அதைப் பிள்ளைகளே டவுன்லோடு செய்துகொள்வார்கள். அந்த 50 நிமிடத்தில் பாடத்தின் நடுமையம் எதுவோ அதைக் காட்டுங்கள்.

நான் வீட்டு பிரஷர் குக்கரை மேஜையில் வைப்பேன். அடுப்பெல்லாம் கிடையாது, காலி குக்கர்தான். "உள்ளே தண்ணி எத்தனை டிகிரியில கொதிக்குது?" என்று கேட்பேன். நூறு என்று சத்தம் வரும். "நூறுதான்னா திறந்த பாத்திரத்துலயே வெச்சிருக்கலாமே, குக்கர் எதுக்கு?" கொஞ்ச நேரம் அமைதி. பிறகு விசில் வெயிட்டைக் கழற்றி ஒருவரிடம் கொடுப்பேன். லேப் தராசில் முன்பே நிறுத்து வைத்திருக்கிறேன், 70 கிராம். அது உட்காரும் துளையின் விட்டம் 3 மில்லி மீட்டர். எடையைப் பரப்பால் வகுக்கச் சொன்னால் கிட்டத்தட்ட 97 கிலோ பாஸ்கல் வரும். அதை அப்படியே எடுத்துக்கொண்டு நீராவி அட்டவணையைத் திறப்பவர்களுக்கு 99 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே விடை வரும், திறந்த பாத்திரத்தின் நூறுகூட வராது. ஏன் என்று அவர்களே தேட வேண்டும். யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு டிப்ளமோ பையன் அந்த நேரத்துக்கு வந்திருந்தால் அவன், "மேம், இது கேஜ் பிரஷர், வெளியே இருக்கிற காத்தோட அழுத்தத்தைக் கூட்டணும்" என்பான். கூட்டினால் சுமார் 2 பார். அட்டவணையில் 120 டிகிரி. வகுப்பில் ஒரு சின்ன சத்தம் எழும், அதற்காகத்தான் நான் குக்கரைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன்.

அன்று அவர்களுக்கு அழுத்தத்தின் அலகு, கேஜுக்கும் அப்சல்யூட்டுக்கும் வித்தியாசம், அட்டவணை பார்ப்பது மூன்றும் கிடைத்துவிடும். நீராவி அட்டவணை நான்காவது யூனிட்டில்தானே வருகிறது என்று கேட்கலாம். முதல் நாளே கையில் எடுத்துவிட்டால் பயம் போய்விடும். துறை நூலகத்திலிருந்து முப்பது பிரதி எடுத்துப் போவேன், இரண்டு பேருக்கு ஒன்று.

உங்கள் பாடத்துக்கும் அப்படி ஒரு பொருள் இருக்கும். பேலன்ஸ் ஷீட் நடத்துபவர் ஒரு மளிகைக் கடையின் கடன் நோட்டைக் கொண்டுபோகலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு ரேங்கின் சுழற்சிக்கு (அனல் மின் நிலையம் நீராவியால் ஓடும் முறை) நெய்வேலியே இருக்கிறது. பஸ் ஜன்னலில் தினமும் கூலிங் டவரைப் பார்த்துக்கொண்டேதான் வருகிறார்கள். புதிய அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் அலகு இரண்டு. அந்த 500ஐ எடுக்க அதைவிட அதிக வெப்பத்தை ஏன் வெளியே விட வேண்டியிருக்கிறது என்று கேட்டால் இரண்டாம் விதி தானாக வந்து நிற்கும்.

ஃபைல் வேலை

கோர்ஸ் ஃபைல், லெசன் பிளான், சி.ஓ.–பி.ஓ. மேப்பிங் (பாடத்தின் இலக்குகளைப் படிப்பின் இலக்குகளோடு பொருத்தும் அட்டவணை) எல்லாம் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள், அக்ரடிடேஷன் குழு வரும் முந்தைய இரவுக்கு வைக்காதீர்கள். மேலே சொன்னபடி பீரியட்களை எண்ணி, ஒவ்வொரு தாளின் தலையிலும் ஒரு வரி எழுதியிருந்தால் இந்த ஃபைலில் முக்கால்வாசி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். மிச்சம் ஒரு மதியம்.

உடம்பையும் கொஞ்சம் கவனியுங்கள். விடுமுறை முடிந்து முதல் வாரம் தினமும் நான்கு மணி நேரம் பேசினால் மூன்றாம் நாள் தொண்டை கட்டிவிடும். நான் ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோகிறேன். ஒரு கேள்வி கேட்டுவிட்டு முழுதாக ஒரு நிமிடம் வாயை மூடிக்கொள்ளப் பழகினேன். தொண்டைக்கும் நல்லது, அந்த ஒரு நிமிடத்தில் பிள்ளைகளும் யோசிக்கிறார்கள்.

லெசன் பிளானில் 'திட்டமிட்ட தேதி', 'நடத்திய தேதி' என்று இரண்டு கட்டம் இருக்கும். பலர் இரண்டிலும் ஒரே தேதியை எழுதிவிடுகிறார்கள். நீங்கள் உண்மையான தேதியை எழுதுங்கள். முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் வருவதற்கு முன் பத்து நிமிடம் உட்கார்ந்து அதை நிரப்பிவிட்டு, சோதனைத் தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடுத்த வாரத்தின் மூன்று நோட்ஸ் தாள்களைத் திருத்துங்கள். போன வாரம் எங்கள் புதியவர்களில் ஒருவர் அப்படி உட்கார்ந்திருந்தார். 58 பேரில் 31 பேருக்கு பார் எத்தனை பாஸ்கல் என்று தெரியவில்லை என்று காட்டினார். திங்கள்கிழமை முதல் பதினைந்து நிமிடத்தை அதற்குக் கொடுத்துவிட்டு, ஒரு டெரிவேஷனை வீட்டுப் பாடமாக மாற்றி, பென்சிலால் எழுதியிருந்ததை அழித்துத் திருத்திக்கொண்டிருந்தார். ஐந்தாவது யூனிட்டின் எட்டு பீரியடில் கை வைக்கவில்லை.